சம்பந்தி வீட்டு ஜாங்கிரி

பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டார் முன்னால் வாயைத் திறக்கும்போது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. அந்தப் பொறுப்பில் இருக்கவேண்டிய என் மனைவி சாந்தி, அந்த நேரம் பார்த்து உள்ளே பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். அதனால்தான் என் வீட்டுக்கு ஒரு மலைப்பாம்பு விருந்தாளியாக வந்தது. அதனால்தான் கல்வராயன் மலைச் சாலையின் அத்தனை வளைவுகளிலும் அதைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் கீழே இறங்கி வந்தேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றி, காயில் கட்டும் கடை. கிணற்று மோட்டாரோ போர் மோட்டாரோ, எது புகைந்தாலும் என்னிடம்தான் வரும். சொந்த ஊர் மணலூர்பேட்டைப் பக்கம். கரும்பும் நெல்லும் விளையும் குடும்பம். கரும்பு இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். பாம்பு இருக்கும் இடத்தில் நான் இருக்க மாட்டேன் என்பதால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். (வீட்டில் சொல்லியிருப்பது வேறு. "வாழ்க்கையில முன்னேறணும்னு ஊரவிட்டு வந்தேன்" என்பதுதான் அதிகாரபூர்வ வரலாறு.)

என் ஒரே மகள் நித்யாவுக்கு ஜாதகத்தில் நாக தோஷம். வருகிற வரன் எல்லாம் காபி குடிக்கும்வரை சிரித்துப் பேசும். ஜாதகக் கட்டத்தைப் பார்த்ததும் "வூட்ல கலந்துகினு சொல்றோம்" என்று செருப்பைத் தேடும். அப்படிக் கலந்து பேசப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. சாந்தி கண்ணில் பட்ட புற்றுக்கெல்லாம் வெள்ளி தவறாமல் பால் ஊற்றினாள். எங்கள் வட்டாரத்துப் புற்றெறும்புகள் அந்தக் காலத்தில்தான் நன்றாகத் தேறின. நித்யா வெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் ஒருமுறை, திருப்பி அனுப்பப்பட்ட தன் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல நான் நல்லாத்தானப்பா இருக்கேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குள் நெடுநாள் உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒருநாள் பெங்களூரிலிருந்து அவளே சொன்னாள். உடன் வேலை பார்க்கும் பையன், பெயர் பிரவீன், ஆத்தூர்க்காரர். ஜாதகமே பார்ப்பதில்லை என்ற வீடு. எங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்றுதான் அந்தப் பஜ்ஜி. எல்லாம் பேசி முடித்த நேரத்தில் பையனின் அம்மா தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறனுங்க. பின்னால மறச்சிட்டோம்னு பேச்சு வரக்கூடாது. பையனுக்கு ஒரு பழக்கம் இருக்குதுங்க."

சிகரெட் என்றால் கண்டுகொள்ளக் கூடாது, குடி என்றால் யோசிக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு தராசைத் தூக்கிப் பிடித்தேன்.

"பாம்பு வளக்கிறானுங்க" என்றார் அம்மா.

தராசில் அதற்குத் தட்டே இல்லை.

பிரவீன் வெட்கத்தோடு செல்போனில் படம் காட்டினார். பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாக ஒன்று, அவர் தோளில் துண்டு மாதிரி கிடந்தது. "பந்து மலைப்பாம்பு, அங்கிள். ஆப்பிரிக்கா வகை, விஷம் கிடையாது. காட்டுல பிடிச்சது இல்ல, வளர்ப்புலயே பொறந்தது. முறையா பதிவு பண்ணி பேப்பர் வெச்சிருக்கேன். பயந்தா சுருண்டு, தலையை நடுவுல ஒளிச்சிக்கும். அதான் ஜாங்கிரின்னு பேரு வெச்சேன்."

உள்ளேயிருந்து சாந்தி எண்ணெய்க் கரண்டியோடு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "இத்தினி வருசம் பால் ஊத்தனது வீண் போவலிங்க. நாகமே நம்ம வூடு தேடிகினு வந்திருக்குது" என்றாள். (அது நாகமும் இல்லை, நம் நாட்டுக்காரரும் இல்லை என்பதை அவளிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.)

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கேதான் யாராவது வேட்டியை இழுத்திருக்க வேண்டும்.

"தம்பி, நான் மணலூர்பேட்டை கரும்புத் தோட்டத்துல பொறந்து வளந்தவன்" என்றேன். "பாம்புலாம் நமக்குப் பங்காளி மாதிரி. அது வரும், போவும். நான் கண்டுக்கறதே இல்ல."

பிரவீன் முகம் மலர்ந்துவிட்டது. நித்யா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மேலே பல்லி விழுந்தால் ஸ்டூல் மீது ஏறி நிற்கும் அப்பாவை அவளுக்குத் தெரியும். அன்று வாயைத் திறக்காமல் என் மானத்தைக் காப்பாற்றினாள். காப்பாற்றாமல் இருந்திருக்கலாம்.

நிச்சயம் முடிந்தது. ஆவணியில் கல்யாணம். ஆடி பிறந்ததும் பிரவீனிடமிருந்து போன். அலுவலக வேலையாக வெளிநாடு போகிறாராம். வழக்கமாகப் பாம்பைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்கு உடம்பு சரியில்லை. நித்யா தங்கியிருக்கும் விடுதியில் பூனைக்கே அனுமதி இல்லை. அவர் அம்மாவோ, "அது முன்வாசல்ல வந்தா நான் பின்வாசல்ல போயிடுவேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அதனால, மாமா, உங்க பங்காளி ஒருத்தரக் கொஞ்ச நாள் நீங்கதான் பாத்துக்கணும்."

"அதுக்கென்னா மாப்ள, தாராளமா" என்றேன். என் வாய் எப்போதுமே என் உடம்பின் மற்ற உறுப்புகளோடு கலந்து பேசுவதில்லை.

ஜாங்கிரியோடு பிரவீனே வந்தார். கூடவே ஒரு கண்ணாடித் தொட்டி. அடியில் போடச் சூடு தரும் விரிப்பு ஒன்று, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த மண்சட்டி, தண்ணீர்க் கிண்ணம், பயணத்துக்கு ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அப்புறம் ஒரு பொட்டலம். பொட்டலத்தில் ஐஸில் உறைந்த எலிகள். பிரவீன் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். கடையில் வாடிக்கையாளர் தன் மோட்டார் எப்படிக் கெட்டது என்று கதை சொல்லும்போது நான் எப்படித் தலையாட்டுவேனோ, அப்படியே ஆட்டினேன். மனசில் நின்றது இரண்டு செய்தி: ஞாயிற்றுக்கிழமை எலி, கடிக்காது. இரண்டாவதை நான் நம்பவில்லை.

சாந்தி தொட்டிக்கு ஆரத்தி எடுத்தாள். "சம்பந்தி வூட்லேர்ந்து வந்திருக்காங்க, சும்மா உள்ள கொண்டாந்து வெக்க முடியுமா?" என்றாள். அன்றிலிருந்து பாம்பு 'அவங்க' ஆனது. "அவங்க முழிச்சிகினாங்களா?", "அவங்க ரூமுல துணி காயப் போடாதீங்க." எங்கள் வீட்டில் எனக்கு இதுநாள்வரை கிடைக்காத பன்மை மரியாதையெல்லாம் அதற்குக் கிடைத்தது. எலிப் பொட்டலம் ஃபிரிட்ஜுக்குள் போனதால் இட்லி மாவு எதிர்வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். தொட்டிக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால் விரிப்பு சுடுகிறது. மோட்டார்க்காரனுக்குச் சூடு என்றாலே ஆகாது. எங்கள் தொழிலில் சுட்டால் கருகப் போகிறது என்று பொருள். வெளியே கள்ளக்குறிச்சி வெயில் ஆடியென்றும் பாராமல் காய்கிறது, இதில் படுக்கைக்குக் கீழே வேறு அடுப்பா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டேபிள் ஃபேனைத் தொட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தேன். பாம்பு மண்சட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஃபேன் காற்றில் சுகமாகத் தூங்குகிறது என்று பெருமைப்பட்டேன்.

பக்கத்துச் செருப்புக்கடை ரஹீம் பாய் பார்க்க வந்தார். என் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். எங்கள் இருவருக்கும் நடுவே அதுவும் இல்லை. குனிந்து பார்த்தார்.

"இன்னா சேகரு, இதுவா பாம்பு? எங்க கடைல வித்துப் போவாத பெல்ட்டு மாறி கெடக்குது."

"மெல்ல பேசு பாய். சம்பந்தி வூட்டுது."

"கடிச்சா?"

"கடிக்காதுன்னுதான் மாப்ள சொல்றாரு."

"அப்ப நீ ஏன் கதவாண்டயே நின்னுகினு இருக்கற?"

உண்மையில் என்னை வாட்டியது பயம்கூட இல்லை, எரிச்சல். நாய் என்றால் வாலாட்டும். பூனை என்றால் காலைச் சுற்றும். ஆடுகூடப் பசித்தால் கத்தும். இது ஒன்றும் சொல்லாது. சந்தோஷம், கோபம், அஜீரணம் எல்லாவற்றுக்கும் ஒரே முகம். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்ப்பேன். அது சட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்க்கும். இடையிடையே நாக்கை நீட்டும். வரவேற்கிறதா, திட்டுகிறதா? கோவித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கும் மாமனார்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களாவது நடுவில் கனைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எலியை வெந்நீரில் போட்டு இளக வைத்து, (மொட்டை மாடியில்தான், சமையலறைப் பக்கம் வந்தால் நடப்பதே வேறு என்று சாந்தியின் உத்தரவு) இடுக்கியில் வாலைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் நீட்டினேன். அதே நேரம், ஆடி மாதம் வீட்டுக்கே வந்த பாம்பு என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டு அக்கா செம்பில் பாலோடு என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். எனக்குத் தெரியாது.

பாம்பு எலியைச் சீண்டவில்லை. சட்டிக்குள்ளிருந்து 'புஸ்' என்று ஒரு சத்தம்; தலை ஓர் அங்குலம் முன்னால் வந்தது, அவ்வளவுதான். நான் இடுக்கியை மேலே வீசிவிட்டுப் பின்னால் பாய்ந்தேன். மேலே போன எலி ஃபேனுக்குத் தப்பி, சுவரில் பட்டு, செம்புக்குள் விழுந்தது.

எதிர்வீட்டு அக்கா செம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பால் ஊத்தலாம்னு வந்தா எலி ஊத்துறியேப்பா" என்றார். மறுநாள் இட்லி மாவு எங்கள் வாசலில் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை முறை நீட்டியும் ஜாங்கிரி சாப்பிடவில்லை. சாந்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டார் நம் வீட்டில் கை நனைக்காமல் இருந்தால் அது பசியில்லாத விஷயம் அல்ல, அது சண்டைக்கான அறிவிப்பு. என் பெரியப்பா மகள் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா இலைக்கு வடை வர நேரமானது என்று எழுந்து போனார். இரண்டு குடும்பமும் இன்றுவரை எதிரெதிரே வந்தால் ஒரு குடும்பம் செல்போனைப் பார்க்கும், இன்னொன்று வானத்தைப் பார்க்கும்.

"நம்ம மேல இன்னா கோவமோ தெரியல அவங்களுக்கு" என்றாள் சாந்தி. "நீங்க எதுனா சொன்னீங்களா?"

"பாம்புகிட்ட நான் இன்னாடி சொல்லப் போறேன்?"

"உங்க மூஞ்சே போதும். எப்பப் பாத்தாலும் கதவாண்ட நின்னுகினு மொறச்சிகினே இருக்கறீங்க. பாக்கறவங்களுக்கு எப்டி இருக்கும்?"

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் பளபளப்பெல்லாம் போய், தோல் சாம்பல் பூத்திருந்தது. அது போகட்டும் என்று கிட்டே குனிந்தேன். கண் இருந்த இடத்தில் கண் இல்லை. நீலம் கலந்த பால் நிறத்தில் இரண்டு புள்ளிகள். சம்பந்தி வீட்டுப் பாம்பு என் பொறுப்பில் பட்டினி கிடந்து குருடாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நித்யா போன் செய்தாள். "அப்பா, ஜாங்கிரி எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்கும்மா. இப்பதான் வயிறு நெறைய சாப்ட்டுட்டுப் படுத்துச்சு."

போனை வைத்துவிட்டு பாயிடம் ஓடினேன். கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாமா என்றேன். "அதுக்குக் கால் எங்க கீது?" என்றார் பாய். பிறகு இருவருமே ஒரே முடிவுக்கு வந்தோம். சூடு. சூடு தாங்காமல்தான் கண் போய்விட்டது. எங்கள் ஊரில் சூடு சம்பந்தப்பட்ட எந்தத் தொல்லைக்கும், வேர்க்குருவில் ஆரம்பித்துக் குடும்பச் சண்டைவரை, ஒரே மருந்துதான்: மலைமேல் ஏறி ஒருநாள் இருந்துவிட்டு வருவது. பாய் கடையைச் சாத்தினார். அவருடைய ஆம்னி வேனில் ஜாங்கிரியைப் பிளாஸ்டிக் பெட்டியோடு பின் சீட்டில் வைத்தோம். பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டேன். (எனக்குப் போடவில்லை.)

வெள்ளிமலை தாண்டிக் கரியாலூர் போய்ச் சேர்ந்தபோது சாரல் அடித்துக்கொண்டிருந்தது. காற்று சட்டையைத் தூக்கியது. "ஏசி மாறி கீது, கண்ணு திரும்பிடும் பாரு" என்றார் பாய். சாலையோர டீக்கடைக்குப் பக்கத்தில், கூரைக்குக் கீழே, நன்றாகக் காற்று வரும் இடமாகப் பார்த்துப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தோம். நாங்கள் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம். ஒரு நோயாளியை நல்ல ஆஸ்பத்திரியில் சேர்த்த திருப்தி எங்களுக்கு.

இரண்டாவது டீ முடிந்து பார்க்கும்போது ஜாங்கிரி அசையவில்லை. நாக்கு வெளியே வரவில்லை. குடை நுனியால் தொட்டேன். ஒன்றும் இல்லை. பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, விரலால் தொட்டேன். மழையில் நனைந்த ரப்பர் ஓஸ் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"பாய், செத்துப்போச்சு."

பாய் பாதி பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டார்.

அதுவரை நான் என்னைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். கடிக்குமா, மாப்பிள்ளை என்ன நினைப்பார், சம்பந்தியம்மா என்ன சொல்வார். அந்தப் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது, நித்யா அந்தப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி வந்து எதிரே உட்கார்ந்தது. அத்தனை வருடம் கழித்து அவளை வேண்டாம் என்று சொல்லாத ஒருவர் கிடைத்தார். அவர் உயிராக வளர்த்த ஒன்றை, எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூசி, மலைமேல் கொண்டுவந்து கொன்றுவிட்டேன். இதை அவள்தான் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.

டீக்கடையின் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் கிடைத்தது. அந்த மூலையில் அடுப்புப் புகை. கண்ணில் வந்த தண்ணீருக்கு அதைக் காரணமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்ற வசதி இருந்தது. நித்யாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. "கண்ணு பால் மாதிரி ஆச்சா? தோல் மங்கிடுச்சா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா."

"அப்பா, அது தோல் உரிக்கப் போகுது. அப்போ கண்ணு சரியாத் தெரியாது, பயமா இருக்கும், சாப்பிடாது, யார் கிட்ட போனாலும் சீறும். நாலஞ்சு நாள் தொந்தரவு பண்ணாம விட்டா அதுவே சரியாயிடும். பிரவீன் உங்ககிட்ட சொன்னாராமே."

"சொன்னாரும்மா. நான்தான் தலையாட்டிகினு இருந்துட்டேன்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"கரியாலூர்ல."

"அங்க எதுக்கு?"

"காத்து வாங்க."

சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"அப்பா, அதுக்கு வெதுவெதுப்பு வேணும்ப்பா. அதுக்குத்தான் அந்த விரிப்பே. குளிர்ல அதால அசைய முடியாது. செத்திருக்காது, மரத்துப் போயிருக்கும். உடனே சூடு குடுங்க. அடுப்புகிட்ட வெச்சிடாதீங்க, வெந்துடும். உடம்புச் சூடு போதும். சட்டைக்குள்ள வெச்சிக்கங்க."

"யாரு சட்டைக்குள்ள?"

"நீங்கதான சொன்னீங்க, பங்காளின்னு" என்றாள் என் மகள்.

பாயைப் பார்த்தேன். பாய் வேனைத் திறக்கப் போய்விட்டார். "நான் வண்டி ஓட்டணும் சேகரு. ரெண்டு கையும் ஸ்டேரிங்ல இருக்கணும்" என்றார். அவர் சாலை விதிகளைப் பற்றிப் பேசி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

டீக்கடைக்காரர், கடைக்கு வந்த நாலு பேர், ஒரு நாய் எல்லோரும் பார்த்திருக்க, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் ஜாங்கிரியைத் தூக்கினேன். வழுவழுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, நல்ல தோல் பர்ஸ் மாதிரி உலர்ந்திருந்தது. பனியனைத் தூக்கி உள்ளே விட்டேன். என் வயிற்றில் அந்த ஜில் பட்டதும் நான் எழுப்பிய ஓசையைக் கேட்டு நாய் எழுந்து போய்விட்டது.

வேனில் ஏறி உட்கார்ந்தோம். முதல் சில வளைவுகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு தொப்புளுக்குப் பக்கத்தில் ஏதோ மெல்ல இறுகியது.

"பாய், அசையுது."

"அல்லா காப்பாத்திட்டாரு."

"பாய், மேல ஏறுது."

"நீ அசையாத. வளைவுல நீ சாஞ்சா அதுவும் சாயும்."

அது அவசரப்படவில்லை. இடது விலாவைச் சுற்றி, முதுகுப் பக்கம் போய், இன்னும் சூடான இடம் எங்கே என்று நிதானமாகத் தேடியது. கடைசியில் என் தொப்பையைச் சுற்றி ஒரு வளையம், அதன்மேல் இன்னொரு வளையம். காயில் கட்டுகிறவன் நான். அன்று என்மேலேயே ஒரு காயில் ஏறியது. நான் மூச்சை உள்ளே இழுத்தால் அதுவும் அடங்கும், விட்டால் அதுவும் தளரும். அடிவாரம் வருவதற்குள் ஒன்று தெரிந்தது: அதன் உடம்பில் ஒரு நடுக்கம் இருந்தது. என் உடம்பிலும் அதே நடுக்கம். யாருடையது எது என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை நாளாக அது என்மேல் கோபமாக இருக்கிறது என்று நான் நினைத்தது, வேறொன்றும் இல்லை, பயம்தான். கண் தெரியாத நேரத்தில் மூஞ்சிக்கு முன்னால் ஒருவன் ஃபேனையும் எலியையும் நீட்டிக்கொண்டே இருந்தால் எனக்கும் சீறத்தான் தோன்றும்.

சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் குனிந்து எட்டிப் பார்த்தார். "மேலேர்ந்து இன்னா ஏத்திகினு வரீங்க?"

"ஒண்ணும் இல்ல சார். அவருக்கு வயிறு சரியில்ல" என்றார் பாய்.

காவலர் என் வயிற்றைப் பார்த்தார். வயிறு இடமிருந்து வலமாக நகர்ந்தது. அவர் நிமிர்வதற்குள், சட்டைக் காலர் வழியாக, என் தாடைக்குக் கீழே, பால்நிறக் கண்களோடு ஒரு தலை வெளியே வந்து நாக்கை நீட்டியது.

"சம்பந்தி வூட்டுது சார்" என்றேன்.

காவலர் நான்கு எட்டு பின்னால் போனார். மாப்பிள்ளை அனுப்பியிருந்த பேப்பர் செல்போனில் இருந்தது. போனைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி, தூரத்திலிருந்தே கண்ணைச் சுருக்கிப் படித்தார். "சரி, போங்க, போங்க. மேல் பட்டன மட்டும் போட்டுகினு போங்க" என்றார்.

கோமுகி அணைப் பக்கம் வந்ததும் சிக்னல் முழுசாக வந்தது. கூடவே ஒரு வீடியோ கால். சம்பந்தியம்மா. முகூர்த்தப் புடவை எடுக்கும் கடையிலிருந்து. கட் செய்வதற்காகத் தொட்டேன். வேன் குலுங்கியதில் பச்சைப் பட்டன் அழுந்திவிட்டது.

"அண்ணா, மாம்பழக் கலர் எடுக்கலாமா, இல்ல..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். திரையின் மூலையில் என்னை எனக்கே தெரிந்தது: வியர்த்த முகம், சிலிர்த்த மீசை, கழுத்துக்குக் கீழே இன்னொரு முகம்.

நான் என்ன நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். தொண்டை வறண்டு சத்தம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக என் வாய் எனக்கு உதவியது.

சம்பந்தியம்மா கடையில் இருந்த எல்லோருக்கும் போனைத் திருப்பிக் காட்டினார். "பாருங்க, இவருதான் பொண்ணோட அப்பா. பெத்த நானே அந்த ரூம் பக்கம் போனதில்ல. இவரு மார்ல போட்டுத் தூங்க வெக்கறாரு" என்றார். "உங்க வூட்ல என் பையன் நல்லா இருப்பானுங்கண்ணா."

பாய் வேனை ஓரம் கட்டி, ஸ்டேரிங்கில் தலையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் ஜாங்கிரி இறங்க மறுத்துவிட்டது. உலகத்தில் கிடைத்த மிகச் சிறந்த வெதுவெதுப்பு என் தொப்பை என்று முடிவு கட்டியிருந்தது. விரிப்பை மாட்டி, தொட்டி சூடாகி, நானே அதன் பக்கத்தில் படுத்து, ஒவ்வொரு சுற்றாக அதுவாகப் பிரியும்வரை காத்திருந்தேன். இறங்கும்போது என் வேட்டியை நனைத்துவிட்டுப் போனது. "சம்பந்தி வூட்டு மரியாத, வாங்கிக்கங்க" என்றாள் சாந்தி. அப்புறம் யாரும் அந்த அறைப் பக்கம் போகவில்லை. கண் தெளிந்தது. ஒரு காலையில் பார்த்தால், தலையிலிருந்து வால்வரை கிழியாமல் உரித்த தோல் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது. ஜாங்கிரி புதுச் செருப்பு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. எலியை நீட்டினேன். ஜாங்கிரி எங்கள் வீட்டில் கை நனைத்தது. சாந்தி அன்று பாயசம் வைத்தாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு முழுக் கதையும் நித்யா சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாவுக்கு மட்டும் பாதியோடு நிறுத்திவிட்டாள். அந்தப் பாதியில் நான் இன்னும் வீரன்.

எங்கள் வீட்டில்தான் என் நிலைமை மோசம். எனக்குக் கோபம் வந்தால் ஒரு பழக்கம் உண்டு. சாப்பாடு வேண்டாம் என்பேன், அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுப்பேன், கதவைத் தட்டினால் சீறுவேன். முன்பெல்லாம் சாந்தி வந்து சமாதானம் செய்வாள். இப்போது செய்வதில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு, எனக்குக் கேட்கிற மாதிரியே மகளிடம் பேசுகிறாள்.

"உங்கப்பாவுக்குக் கண்ணு பால் மாறி ஆயிட்ச்சுடி. கிட்ட யாரும் போவல. நாலு நாள்ல உரிச்சிடுவாரு."

"அத்தை, மாமாவுக்கு அடியில ஒரு விரிப்பு போட்டு வைங்க, சூடா" என்கிறார் மாப்பிள்ளை, பின்னாலிருந்து.

இதில் எரிச்சல் என்னவென்றால், என்னால் நாலு நாள்கூடத் தாங்க முடிவதில்லை. மறுநாள் மதியமே தெளிந்த கண்ணோடு எழுந்து போய், என்ன குழம்பு என்று கேட்டுவிடுகிறேன்.